ஓநாய் மனிதர்களில் யார் பெரியவர்?

கேள்வி: 1935இல் வந்த ‘வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்’, 1941இல் வந்த ‘தி உல்ஃப் மேன்’ இரண்டுமே ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனப் படங்கள்தானே, எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: வரிசைப்படியே பாருங்கள். முதல் படத்தில் ஹென்றி ஹல், நிலவொளியில் மலரும் ஒரு பூவைத் தேடித் திபெத் போய், ஓர் ஓநாய் மனிதனிடம் கடிபட்டுத் திரும்பும் தாவரவியல் விஞ்ஞானி. ஓநாயாக மாறிய பிறகும் தொப்பி, மஃப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் வேட்டைக்குக் கிளம்புவார் (லண்டன் குளிர், என்ன செய்வது!). ஆனால் அவர் வரிசையாக நிற்கும் தூண்களைக் கடந்து நடக்க நடக்க, ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலிருந்து வெளிப்படும்போதும் முகத்தில் ரோமம் கூடிக்கொண்டே போகிற அந்தக் காட்சி இருக்கிறதே, அது இன்றைக்கும் அசத்தல். இரண்டாவதில் லான் சேனி ஜூனியர் முதன்முறை மாறும்போது கால்களை மட்டும்தான் காட்டுவார்கள். ஒப்பனை இரண்டுக்கும் ஜாக் பியர்ஸ்தான். இருந்தாலும் என் ஓட்டு சேனிக்குத்தான். ஹல் மீது வராத பரிதாபம் இவர் மீது வருகிறது, அதிலும் வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியால் பெற்ற அப்பாவே, மகன் என்று தெரியாமல், அடித்துக் கொல்லும்போது. அப்புறம் ஒன்று, ஆளை ஓநாயாக்கும் பௌர்ணமி நிலவை அந்தப் படத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அது 1943இல் வந்த அடுத்த பாகத்தின் சமாச்சாரம்.