தணிக்கையா, மீளாய்வா, தொகுப்பா? வங்கிக்கு எந்தக் கணக்கைக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் சிறு உற்பத்தி நிறுவனத்துக்குக் கடன் கேட்டிருக்கிறோம். கணக்கர் கையொப்பமிட்ட நிதிநிலை அறிக்கை வேண்டும் என்கிறது வங்கி. கணக்கரோ தணிக்கை, மீளாய்வு, தொகுப்பு என்று மூன்று கட்டணங்களைச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூன்றிலும் அவருடைய கையொப்பம் இருக்கும் என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கையொப்பத்துக்கு மேலே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். தொகுப்பு அறிக்கையில் எந்த உறுதியும் இராது. நீங்கள் தந்த விவரங்களை முறைப்படி அமைத்துத் தந்திருப்பதாக மட்டுமே அது சொல்லும். மீளாய்வு அறிக்கை, கணக்குகள் தவறானவை என்று கருதும்படி எதுவும் தமது கவனத்துக்கு வரவில்லை என்று சொல்லும். இது வரம்புக்குட்பட்ட உறுதி. கணக்குகள் நிறுவனத்தின் நிலையை நியாயமாகக் காட்டுகின்றன என்று நேரடியாகக் கருத்துச் சொல்வது தணிக்கை அறிக்கை மட்டுமே. அதுவும் உயர்ந்த அளவிலான உறுதியே தவிர, முழு உத்தரவாதம் அல்ல.

வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வரவேண்டிய பாக்கியை எடுத்துக்கொள்வோம். தொகுப்பில், பேரேட்டில் உள்ள தொகை அப்படியே அறிக்கைக்குப் போகும். மீளாய்வில், சென்ற ஆண்டு 45 நாளில் வசூலான பணத்துக்கு இந்த ஆண்டு 80 நாள் ஆவது ஏன் என்று கணக்கர் உங்களிடம் கேட்பார். உங்கள் விளக்கம் மற்ற எண்களோடு பொருந்தினால் பெரும்பாலும் மேலே சென்றுவிடுவார். தணிக்கையிலோ, அந்த வாடிக்கையாளருக்கே எழுதிப் பாக்கியை உறுதிசெய்யச் சொல்வார், ஆண்டு முடிந்தபின் வந்த பணத்தை வங்கிக் கணக்கில் தேடுவார், சரக்கு அனுப்பிய சீட்டைக் கேட்பார். கட்டண வேறுபாடு இந்த உழைப்பிலிருந்தே வருகிறது.

சட்டமே தணிக்கையைக் கட்டாயமாக்கியிருந்தால் தேர்வுக்கு இடமில்லை. இல்லையெனில், எது போதும் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வதேச நியமங்களில் மீளாய்வுக்கு 2400, தொகுப்புக்கு 4410 என்று தனித்தனி எண்கள் இருப்பதால், எண்ணைக் குறிப்பிட்டே கேட்கலாம். மீளாய்வு போதும் என்று வங்கி சொன்னால், பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் சொத்தில் பெரும்பகுதி சரக்கிருப்பாக இருந்தால், நான் தணிக்கையையே சொல்வேன். கிடங்கில் சரக்கு உண்மையில் இருக்கிறதா என்று மீளாய்வில் பொதுவாக யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

தணிக்கை என்று முடிவானால் ஆண்டு முடியும் முன்பே கணக்கரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டிறுதியில் சரக்கை எண்ணும்போது அவர் உடன் நிற்க வேண்டும். அந்த நாள் தவறி, வேறு வழியிலும் இருப்பைச் சரிபார்க்க முடியாவிட்டால், சரக்கிருப்பைத் தவிர மற்றவை சரி என்று மட்டும் சொல்லும், வரையறையுடன் கூடிய கருத்தே உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.