தினமும் சீந்தில் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: என் வயது 44. ஹாஷிமோட்டோ தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அடிக்கடி சளி பிடிக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று சொன்னதால், வேலியில் படர்ந்த சீந்தில் கொடியை இடித்து ஒன்றரை மாதமாகத் தினமும் கஷாயம் குடிக்கிறேன். தொடரலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள்.

சீந்தில் மட்டமான மூலிகை என்று சொல்ல வரவில்லை. ஆயுர்வேதத்தில் அதற்கு குடூசி, அமிர்தா என்று பெயர். சித்த மருத்துவத்திலும் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். அதன் சத்து எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுவதை ஆய்வகச் சோதனைகளிலும் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குச் சிக்கலே அந்தத் தூண்டல்தான். ஹாஷிமோட்டோ, எதிர்ப்புச் சக்தி குறைந்து வருகிற நோயல்ல. அந்தச் சக்தியே உங்கள் தைராய்டு சுரப்பியைத் தாக்குவதால் வருவது. சாமியாடுகிறவர் முன்னால் போய் உடுக்கை அடிப்பானேன்?

கொரோனா சமயத்தில் நாடு முழுக்க இதைக் குடித்தார்கள். 2020-இல் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையிலேயே குடூசி இருந்தது. மறு வருடமே, இதைச் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். 2022-இல் பல ஊர்களிலிருந்து, இப்படிக் கல்லீரல் பாதித்த 43 பேரின் விவரம் வந்தது. அவர்களில், உங்கள் தைராய்டு நோய் போலத் தன் எதிர்ப்புச் சக்தியே தன் உடலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, வேறு கொடியைச் சீந்தில் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. அப்படி ஒரு கொடி இருப்பது உண்மைதான். அதன் தண்டு முழுக்க மரு மருவாக இருக்கும். சீந்தில் தண்டில் காகிதம் போல மேல்தோல் உரியும், உள்ளே பச்சையாக இருக்கும். ஆனால் உங்கள் வேலியில் இருப்பது அசல் சீந்திலே என்றாலும் என் பதில் மாறாது.

இந்த வாரமே கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, பசியே இல்லாமல் குமட்டுவது என எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கஷாயம் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள், 'மூலிகைதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரையோடு இதையும் குடித்தால், சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடக்கூடும். அவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

அப்புறம், அந்தச் சளி. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் பெரும்பாலும் அது அலர்ஜி. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.