குதிரைப் பழக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சேணம் பூட்டப் போனாலே என் குதிரை காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. முன்பு இப்படிச் செய்ததில்லை. நாலு போடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள். 'முன்பு இப்படிச் செய்ததில்லை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! சாதுவான குதிரை திடீரென மாறினால் முதலில் வலியைத் தேட வேண்டும். சேணம் தோள்பட்டையை அழுத்துகிறதா, வயிற்று வார் உரசும் இடத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் நீவுங்கள். தோல் துடித்து, முதுகைத் தாழ்த்தி விலகினால் அங்கேதான் கோளாறு. வயிற்றுப்புண்ணாகவும் இருக்கலாம். குதிரையின் இரைப்பையில் தீனி இல்லாத நேரத்திலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு நெடுநேரம் கட்டிப் போட்டால் புண்ணாகும். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே மற்றதெல்லாம். வலி போனாலும் பயம் உடனே போகாது. அதனால் வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒரு துளை மாட்டி, கொஞ்சம் நடத்தி, அடுத்த துளைக்குப் போங்கள்.

கேள்வி: ஒரு குதிரை இலை அசைந்தாலே துள்ளுகிறது, மற்றது தள்ளினாலும் நகராது. இரண்டுக்கும் ஒரே பயிற்சிதானா?

பதில்: முறை ஒன்றுதான், அளவு வேறு. சொன்னதைச் செய்த நொடியில், காலாலோ கடிவாளத்தாலோ கொடுத்த அழுத்தத்தை விடுகிறீர்களே, அதில்தான் குதிரை கற்கிறது. மந்தமானதை முதலில் காலால் லேசாக அழுத்திக் கேளுங்கள். அசையாவிட்டால் படிப்படியாகக் கூட்டுங்கள். அது ஓரடி வைத்ததும் உங்கள் காலின் அழுத்தத்தை முழுக்க விட்டுவிடுங்கள். பலர் விலாவில் ஓயாமல் உதைத்து அதை மரத்துப்போக வைத்துவிட்டு, சோம்பேறி என்று பட்டமும் கட்டுவார்கள்.

துள்ளும் குதிரையைப் பயந்த பொருளருகே இழுத்துப் போகாதீர்கள். அது பார்த்தும் பதறாத தொலைவில் நில்லுங்கள். தலை தாழ்ந்து, மூச்சு சீரான பிறகு ஓரடி முன்னே. கழுத்தில் படபடவென்று தட்டுவதைவிட, பிடரிமயிர் முடிவடையும் தோள்மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: போகும்போது கண்டுகொள்ளாத டிரம்மைத் திரும்பி வரும்போது பார்த்து மிரள்கிறது. நடிக்கிறதா?

பதில்: இல்லை. ஒரு கண் பார்த்தது மறு கண்ணுக்குத் தெரியாது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. கோணம் மாறினால் பழகிய பொருளும் அதற்குப் புதுசு. இரு பக்கமிருந்தும் காட்டிப் பழக்குங்கள்.

கேள்வி: நானும் தம்பியும் ஆளுக்கொரு விதமாகப் பழக்குகிறோம். பரவாயில்லையா?

பதில்: குழம்பிப்போகும். கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கிய பெர்லின் குதிரை ஹான்ஸ், உண்மையில் கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்தே, விடையைக் குளம்பால் தட்டிக் காட்டுவதை நிறுத்தியது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைக் கண்டுபிடித்து 1907-ல் நூலாக வெளியிட்டார். அவ்வளவு கூர்ந்து பார்க்கும் பிராணியிடம் ஆளுக்கொரு சைகை காட்டினால் அது யாருடையதைக் கேட்கும்? நட, நில், பின்வாங்கு இந்த மூன்றுக்கும் இருவரும் ஒரே சைகையை முடிவு செய்துகொள்ளுங்கள். லாயத்தைச் சுத்தம் செய்ய வருபவருக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.