சூடானதும் இழுக்காத பழைய ஓட்டோ கியர் வான்: கியர் பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் 1998 ரொயோட்டா டவுன்ஏஸ் நோவா, அக்கரைப்பற்றில் காலையில் எடுக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, கல்முனை தாண்டிச் சூடேறியதும் என்ஜின் மட்டும் இரைகிறது, வான் இழுக்கவில்லை, கராஜில் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே பெட்டி வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு பஸ் ஏற வேண்டாம். நானும் மட்டக்களப்பில் இதே இன வான்தான் வைத்திருக்கிறேன்.

முதலில் கியர் ஒயில். இதை நிறையப் பேர் பிழையாகத்தான் பார்க்கிறார்கள். வான் நன்றாக ஓடிச் சூடான பிறகு சமதரையில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை பி-யில் இருந்து எல் வரை ஒவ்வொன்றாகப் போட்டுத் திரும்பவும் பி-க்குக் கொண்டுவந்து, அப்புறம் கியர் ஒயில் குச்சியை இழுத்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஹொட் என்ற இரண்டு கோடுகளுக்குள் நிற்க வேண்டும். என்ஜின் ஒயில் பார்ப்பதுபோல நிறுத்திவிட்டுப் பார்த்தால் மட்டம் கூடுதலாகத்தான் காட்டும், உள்ளே குறைந்திருப்பது தெரியாது. குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளச் தட்டுகள் வழுக்கும். சூட்டில் ஒயில் இளகுவதால் அது இன்னும் மோசமாகும். உங்கள் வானின் குணமும் இதுதான்.

நிறத்தையும் பாருங்கள். சிவப்பென்றால் நல்லது. கறுத்து, கருகிய மணம் வந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் உடைந்து தண்ணீர் கலக்கிறது. அப்படியென்றால் கராஜ் வரைக்கும்கூட ஓட்டாதீர்கள், லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஒயில் மட்டம் சரி, நிறம்தான் பழசு என்றால் பெட்டிக்குக் கீழே உள்ள ஒயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றச் சொல்லி நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அதற்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது வழமை, இரும்புத் துண்டுகள் இருந்தால் கதை வேறு. சல்லடையை மாற்றி, குச்சியில் எழுதியிருக்கும் இன ஒயிலையே விடுங்கள். பாதிகூட இறங்காது, மிச்சம் என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் டோர்க் கொன்வேட்டருக்குள் நிற்கும். பரவாயில்லை, கொஞ்ச நாள் ஓடிவிட்டுத் திரும்ப மாற்றலாம். மெஷின் பூட்டி முழுவதையும் கழுவுவதில் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் இவ்வளவு பழைய பெட்டிக்கு.

அக்சிலேட்டரில் இருந்து பெட்டிக்கு வரும் கேபிள் இருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், தளர்ந்தால் அழுத்தம் குறைந்து வழுக்கும்.

நாலாவது கியர், அதாவது ஓவர்டிரைவ் மட்டும் விழவில்லை என்றால் கியர் லீவரில் உள்ள ஓவர்டிரைவ் பட்டன் உள்ளே அமர்ந்திருக்கிறதா பாருங்கள், வெளியே நின்றால் அது விழாது. எங்கள் பக்கம் சூடேறாமல் இருக்கட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பல ரொயோட்டாக்களில் என்ஜின் போதிய அளவு சூடேறாவிட்டால் ஓவர்டிரைவ் விழாது. ஓ/டி ஓஃப் லைட் தானாக மினுங்கினால் அது கரண்ட் பக்கக் கோளாறு, அதற்குப் பெட்டியை இறக்கத் தேவையில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ரிவர்ஸ் பிடிக்கவில்லை, அல்லது பேனில் இரும்பு கிடக்கிறது என்றால் கராஜ்காரர் சொன்னது சரிதான். வாங்கும்போது வானின் தகட்டில் இருக்கும் கியர் பெட்டிக் குறியீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், நோவாவுக்கு என்று மட்டும் கேட்டால் டீசல் வானுக்குப் பெட்ரோல் வானின் பெட்டியையும் தலையில் கட்டிவிடுவார்கள்.