அலாரம் அடித்தும் எழாத கால்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் சேரில் உட்கார்ந்தால் எழுவது மதியம்தான். முதுகுவலிக்காகப் போனபோது டாக்டர் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொன்னார். அதற்கென்று போனில் ஒரு ஆப் போட்டேன். முதல் வாரம் அடிக்கும்போதெல்லாம் எழுந்தேன். இப்போது அடித்தால் கை தானாகப் போய்த் தள்ளிவிடுகிறது, என்ன வந்தது என்றுகூடப் பார்ப்பதில்லை. சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறேனே, அது போதாதா? இந்த ஆப்களால் நிஜமாகவே பயன் உண்டா, இல்லை எனக்குத்தான் ஒழுக்கம் போதவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒழுக்கம் என்ற பேச்சை முதலில் விடுங்கள். ஒரு ஷீட்டில் எங்கோ இடிக்கிற தொகையைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் நாலு வரி போனால் பிடிபட்டுவிடும், அப்போது பார்த்துப் போன் அதிர்கிறது. தள்ளிவிடத்தான் செய்வீர்கள், யாராக இருந்தாலும். அப்படிச் சில நாள் தள்ளிய பிறகு, வேலையே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அடித்தாலும் கை அதையேதான் செய்யும். தள்ளிவிடுவதற்கு உங்களுக்கு நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜிம் பற்றிச் சுருக்கமாக. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்களுக்குக் கூடும் மரண அபாயம், தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமாக உடலை அசைப்பவர்களிடம் காணாமல் போயிருந்தது. தினமும் என்பதைக் கவனியுங்கள், நினைத்தபோது போய்வருவது இந்தக் கணக்கில் வராது. அப்புறம், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை தனி விவகாரம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 11 பேரை வைத்துச் செய்த ஒரு சின்னச் சோதனை 2023இல் வெளியானது. அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் நடந்தபோது சர்க்கரையின் ஏற்றம் நன்றாகவே குறைந்தது, மணிக்கு ஒருமுறை 1 நிமிடம் நடந்ததற்குச் சர்க்கரை அசைந்துகொடுக்கவில்லை. ஆனால் ஆப்பிள் வாட்சில் நீங்கள் எழுந்து நிற்பதைக் கணக்கிடும் நீல வளையம் ஒரு மணி நேரத்தில் 1 நிமிடம் எழுந்து நடமாடினாலே அந்த மணியைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. வளையம் நிறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

இன்னொன்று. போன் மேசை மேல் கிடக்கிறது, நீங்கள் நிற்கிறீர்களா உட்கார்ந்திருக்கிறீர்களா என்று அதற்கு எப்படித் தெரியும்? அது அசைந்தால்தானே அதற்குச் செய்தி. ஆய்வு செய்பவர்கள் இதனால்தான் தொடையில் ஒரு சின்னக் கருவியை ஒட்டிவிடுகிறார்கள். தொடை படுக்கையாக இருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதை வைத்து உட்கார்வதையும் நிற்பதையும் பிரிக்கிறார்கள். உங்கள் ஆப் காட்டும் ‘இன்று 9 மணி நேரம் உட்கார்ந்தீர்கள்’ என்பதில் போன் படுத்துக் கிடந்த நேரமும் சேர்ந்திருக்கும்.

சரி, எது வேலை செய்கிறது? லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மாரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. மாடிப் பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களை விட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். (வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் அவரே பிறகு கண்டுபிடித்துச் சொன்னார், அதனால் முழுப் பழியையும் சீட்டின் மேல் போட முடியாது.) எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு: கண்டக்டருக்கு யாரும் அலாரம் வைக்கவில்லை, டிக்கெட் மேல்தளத்தில் இருந்தது, ஏறினார். இங்கிலாந்தில் உள்ளாட்சி அலுவலக ஊழியர்களிடம் நடத்தி 2022இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த சோதனையிலும் இதே கதைதான். பயிற்சி, ஊக்கம், நினைவூட்டல் எல்லாம் கொடுத்ததில் உட்காரும் நேரம் நாளுக்குச் சுமார் 22 நிமிடம் குறைந்தது. அவற்றோடு உயரத்தை ஏற்றி இறக்கும் மேசையும் கொடுத்தபோது சுமார் 64 நிமிடம். மேசையை மாற்றித் தர உங்கள் ஆபீஸ் தயாரா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கிடைத்துவிட்டால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதீர்கள், காலும் இடுப்பும் வேறு மாதிரி பழிவாங்கும்.

மேசை கிடைக்காவிட்டால் ஆப்பை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அலாரத்தையெல்லாம் அணைத்துவிட்டு, போனைச் சட்டைப்பையிலோ பேண்ட் பையிலோ வைத்துக்கொண்டு, ஒரு வாரம் அது பதிவு மட்டும் செய்யட்டும். எந்த நேரத்தில் நீளமாக உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று தெரியவரும். பெரும்பாலும் நாள் முழுக்க இருக்காது, காலையில் ஒரு நீண்ட இருப்பு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. அந்த இரண்டு இடத்தில் மட்டும் கை வையுங்கள். கணக்கு வேலையில் இயல்பாகவே முடிச்சுகள் உண்டு: ஒரு வவுச்சர் கட்டு முடிகிறது, ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட் டேலி ஆகிறது, ஃபைல் மெயிலில் போகிறது. எழுவதை அங்கே கட்டுங்கள், கடிகாரத்தில் கட்டாதீர்கள். போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். பெரிய தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுச் சின்னதைக் கொண்டு போங்கள், நிரப்ப எழுந்துதான் ஆக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அலாரம் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்குப் பின் வரும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வையுங்கள். அபூர்வமாக அடித்தால் கை தள்ளாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆபீஸ்களில் சீட்டில் இல்லாதவன் வேலை செய்யாதவன். மேனேஜர் நிமிர்ந்து பார்க்கும்போது நீங்கள் காரிடாரில் நடந்தால் ஒரு பார்வை வரும், அதற்குப் பயந்தே பாதிப் பேர் அலாரத்தைத் தள்ளுகிறார்கள். அப்படியிருந்தால் டாக்டர் சொன்னதை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்து சீட்காரரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் திரும்பப் போங்கள்.