சத்துப் பவுடர் குடித்தும் அசதி தீரவில்லையா? முதலில் ரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: என் வயது 37. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டோடு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பற்றவைக்கும் வேலை என்னுடையது. சில மாதங்களாக மதியம் ஆனாலே கை கால் ஓய்ந்துபோகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீடிக்கிறது. சத்துப் பவுடர், குளுக்கோஸ், ஐந்தாறு வேளை காபி என்று சமாளிக்கிறேன். உடம்பில் இயற்கையாகவே தெம்பு ஊற என்ன செய்ய வேண்டும் டாக்டர்? ஏற்காட்டில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கி நல்ல காற்றைச் சுவாசித்தால் சரியாகுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அசதியைவிட, ஏழெட்டு நாள் நீடிக்கும் மாதவிலக்குதான். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாம் உண்ணும் சோறும் பருப்பும் எண்ணெயும் செரித்து, ரத்தத்தின் வழியே உடலின் செல்களுக்குள் சென்று, அங்குள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் ஆக்ஸிஜனின் துணையோடு எரிகின்றன. அப்போது உருவாகும் ஏடிபி என்ற வேதிப்பொருளைச் செலவழித்துத்தான் தசை சுருங்குகிறது, இதயம் துடிக்கிறது, மூளை இயங்குகிறது. இதை உடலால் பெரிய அளவில் சேமித்து வைக்க முடியாது. நொடிக்கு நொடி புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். ஆக்ஸிஜன் இல்லாமல் உடைந்தால் 2 மட்டுமே. ஊதுகுழலில் காற்று போதாவிட்டால் எரிவாயு எவ்வளவு இருந்தும் சுடர் கூராக வராது என்பது பட்டறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. குளுக்கோஸும் சத்துப் பவுடரும் எரிபொருளைக் கூட்டுமே தவிர, காற்றைக் கூட்டுவதில்லை.

அந்த ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது ரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின். அதை உருவாக்க இரும்புச்சத்து வேண்டும். மாதாமாதம் அதிக ரத்தம் போகும் பெண்களுக்கு, உணவில் கிடைக்கும் இரும்பு அந்த இழப்பை ஈடுகட்டப் போதாமல் கையிருப்பு கரைந்துவிடுகிறது. கருவுற்றிராத பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த நிலையில் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு இருப்பதாலேயே, "பொம்பளைங்கன்னா அசதி இருக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் பழகிப்போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கும் வேலைக்கும் இரும்பு தேவை என்பதால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் கையிருப்பு மட்டும் குறைந்திருப்பவர்களுக்கும் இதே களைப்பு வரலாம். ஆகவே முழு ரத்தப் பரிசோதனையோடு, இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை, பி12, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றையும் ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடலாம்.

கிரியாட்டினினைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தொழில். வெள்ளியைப் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்திருந்தால், அதன் புகை நுரையீரலையும், நாளடைவில் சிறுநீரகத்தையும் பாதிக்கும். சிறுநீரகம் பழுதானாலும் ரத்தசோகை வரும். காட்மியம் இல்லாத பொடிதானா என்று கேட்டு வாங்குங்கள். சமையலறையிலோ குழந்தைகள் படுக்கும் அறையிலோ பற்றவைக்காமல், புகை வெளியேறும் இடத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்ச்சியும் ஓய்வும் நல்ல உறக்கமும் கிடைக்கும் என்பதற்காகத் தாராளமாகச் சென்று வரலாம். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் சேலத்தில் கிடைப்பதைவிடக் கூடுவதில்லை. பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைகிறது. உடல்நலம் உள்ளவருக்கு அது தெரியாது; ரத்தசோகை உள்ளவருக்கு மேட்டில் ஏறும்போது மூச்சுவாங்கல் அதிகமாகலாம். பரிசோதனை முடிவு வந்த பிறகு போவதே நல்லது.

காபி தெம்பை உண்டாக்குவதில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் நமக்குக் களைப்பை உணர்த்துகிறது. காபியிலுள்ள காஃபின் அந்த உணர்வைச் சிறிது நேரம் மறைத்து வைக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியில் ஏறக்குறைய பாதியளவு காஃபின் இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால் உறக்கம் கெடும், மறுநாள் அசதி கூடும். உணவோடு குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் காபியும் தேநீரும் தடுக்கின்றன. காலையில் ஒன்று, பிற்பகலுக்கு முன் ஒன்று, இரண்டும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், படிப்படியாகக் குறையுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற்றெடுக்கச் செய்யும் என்ற நம்பிக்கையில் மாதுளைக்கும் பீட்ரூட்டுக்கும் பணம் செலவழிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்; அவற்றில் இரும்பு மிகக் குறைவு. நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சி எளிதில் செரிக்கும், ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். அசைவம் சாப்பிடுபவரானால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இரும்பு நிறைந்தவை, உடலில் எளிதாகச் சேர்பவை. சைவமானால் கீரை, பயறு, கொள்ளு, கம்பு ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளிழுக்க உதவும். காலை உணவைத் தள்ளிப்போடாதீர்கள். வெயில் காலத்தில் அனல் முன் உட்காரும் உங்களுக்குத் தண்ணீர்க் குறைவே பாதி அசதியைத் தரக்கூடும்.

ஆனால் குறைபாடு உறுதியானால் உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைக் காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல் விழுங்குங்கள். மலம் கறுத்துப்போவது இயல்புதான். சில வாரங்களில் தெம்பு திரும்பியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். அளவு தேறிய பிறகு தினமும் அரை மணி நேரம் நடங்கள். தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு அது நல்ல வழி.

நீடித்த மாதவிலக்குக்குக் காரணம் கருப்பைக் கட்டியாகவோ தைராய்டாகவோ இருக்கலாம். ஆகவே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் செய்துகொள்வதும் இதே வாரத்தில் நடக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ பரிசோதனைக்கு நாள் பார்க்காமல் அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.