கொலஸ்ரோல் குளிசை: கேட்டதும் சொன்னதும்

பாமசியில் நெடுங்காலம் மருந்தாளராக இருந்து இளைப்பாறியவன் நான். கொலஸ்ரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, கேட்டவர்களின் ஊரைப் போட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன். இரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பி 'என்ன குளிசை போடலாம்' என்று மட்டும் கேட்க வேண்டாம். அது டொக்டரின் வேலை.

சுன்னாகம்: இரவில்தான் போட வேண்டுமா?

சிம்வஸ்ரற்றின் என்றால் இரவில். அற்றோவஸ்ரற்றின், ரொசுவஸ்ரற்றின் எந்த நேரமும் போடலாம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது.

பருத்தித்துறை: மூன்று கிழமையாகத் தொடை இரண்டும் நோகுது அண்ணை. குளிசையை விடட்டோ?

முதலில், தோட்டத்தில் வழக்கத்தை விடக் கூட வேலை செய்தீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால், குளிசை தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ வந்த நோவா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? அப்படியென்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். தசை நொதியை இரத்தத்தில் பார்ப்பார்கள். தைரொயிட் குறைவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கொலஸ்ரோலையும் கூட்டும், தசையையும் நோகச் செய்யும். சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போனாலோ எழும்ப முடியாத பலவீனம் வந்தாலோ அது வேறு கதை. குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை உடைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது. அரிதுதான், ஆனால் தாமதிக்கக் கூடாது.

பயம்கூட நோவைத் தரும். பக்கவிளைவென்று குளிசையை விட்ட 60 பேரை வைத்து பிரித்தானியாவில் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஸ்ரற்றின் போட்ட மாதங்களில் இருந்த தொல்லையில் ஏறக்குறைய 90 வீதம், மருந்தே இல்லாத போலிக் குளிசை போட்ட மாதங்களிலும் இருந்தது.

சாவகச்சேரி: மகன் கனடாவில் இருந்து லிப்பிற்றோர் அனுப்புகிறார். கிளினிக்கிலும் தருகிறார்கள். இரண்டும் போடுகிறேன்.

ஐயா, லிப்பிற்றோர் என்பதே அற்றோவஸ்ரற்றின்தான். கிளினிக்கில் தருவதும் அதுவென்றால் ஒரே மருந்தை இரண்டு தரம் விழுங்குகிறீர்கள். இரண்டு பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டி, எது, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வாங்குங்கள்.

இங்கே என் பழைய பாட்டு: வேறு மருந்து வாங்கும்போது ஸ்ரற்றின் போடுவதைச் சொல்லுங்கள். சளிக்கென்று தனியார் டொக்டரிடம் போவீர்கள், கிளினிக் கொப்பி வீட்டில் கிடக்கும். அவர் கிளரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ என்ற அன்ரிபயோற்றிக் எழுதுவார். சிம்வஸ்ரற்றினையும் அற்றோவஸ்ரற்றினையும் உடைக்கும் ஈரல் நொதியை அவை அடக்கிவிடும். ஸ்ரற்றின் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். பங்கசுக்குத் தரும் சில குளிசைகளும் அப்படித்தான். சொன்னால் வேறு மருந்து தருவார், அல்லது சில நாள் ஸ்ரற்றினை நிறுத்தி வைக்கச் சொல்வார்.

கோப்பாய்: தோடம்பழம் சாப்பிடக் கூடாதாமே?

கூடாதது கிரேப்புறூட் என்ற வேறு பழம். தோடம்பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஊர்காவற்றுறை: நோவென்றால் குளிசையை விடலாமா?

பருத்தித்துறைக்குச் சொன்னதை வாசியுங்கள்.

நல்லூர்: அப்பப்பா தேங்காய்ப்பால் சொதியோடு 90 வயதுவரை இருந்தார். தேங்காயில் கொலஸ்ரோலே இல்லையே?

மானிப்பாய்: அதுதானே! எண்ணெய்ப் போத்தலிலேயே போட்டிருக்கிறார்கள்.

போத்தலில் இருப்பது உண்மை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ரோல் இல்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. அதை வைத்து உங்கள் ஈரல்தான் கொலஸ்ரோலைக் கூட்டுகிறது. அப்பப்பா சைக்கிளில் சந்தைக்குப் போனவராக இருக்கும். நீங்கள்?

நல்லூர்: நானும் சைக்கிள்தான்.

நல்லது. அப்படியென்றால் முதற்பாலை விட்டு இரண்டாம் பாலில் சொதி வையுங்கள்.

மானிப்பாய்: அது சொதியே இல்லை, தண்ணி!

அதை உங்கள் வீட்டுக்காரியிடம் பேசிக்கொள்ளுங்கள்.

சங்கானை: மகளுக்குக் கலியாணம் முடிந்தது. பரம்பரைக் கொலஸ்ரோலுக்கு ஸ்ரற்றின் போடுகிறாள்.

பிள்ளைக்கு யோசிக்க முன்னரே டொக்டரிடம் சொல்லட்டும். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பெரும்பாலும் நிறுத்துவார்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கொடிகாமம்: குளிசை போட்டால் கள்ளு?

எவ்வளவு என்று எழுதவில்லையே! தினமும் என்றால் ஈரல் பரிசோதனை செய்யும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அச்சுவேலி: நேற்று மறந்துபோனேன். இன்றைக்கு இரண்டு போடவா?

வேண்டாம். ஒன்று.

காரைநகர்: நோவென்றால்...

பருத்தித்துறை.